முற்றத்திலிருந்து வியாழன் வரை: திருகோணமலை வானமும் கோள் நோக்கிகளின் வரலாறும்

எமது கல்லூரி அன்னையின் மடியில் தவழ்ந்த பழைய மாணவிகள் சங்கம் நூறாவது அகவையில் காலடி வைக்கும் இவ்வேளையில், இம்மலரின் பக்கங்களில் எமது அதிபர்கள், ஆசிரியைகள், விளையாட்டு வீராங்கனைகள் பற்றிய கட்டுரைகள் பல இடம்பெறுகின்றன. அவற்றிடையே வானத்தைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். இந்த ஊரின் வரலாற்றை எழுதும்போது கோணேசர் கோயிலையும், துறைமுகத்தையும், கோட்டையையும், எண்ணெய்க் குதங்களையும் நாம் மறப்பதில்லை. ஆனால் உலக வானியல் வரலாற்றில் இவ்வூரின் பெயர் பதிவாகியிருப்பதை நம்மிற் பலர் அறியோம். 1901ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் வியாழக் கோளில் நிகழ்ந்த ஒரு பெரிய மாற்றம் திருகோணமலையிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர் சம்பளம் பெற்ற வானியலாளர் அல்லர். ஓய்வு நேரத்தில் தம் சொந்தத் தொலைகாட்டியால் வானத்தைப் பார்த்த ஒருவர்.

க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நாம் அனைவரும் வானியற் தொலைகாட்டியின் கதிர் வரிப்படத்தை வரைந்தோம். பொருள்வில்லை, பார்வைத்துண்டு, இயல்பான செப்பஞ்செய்கையில் இறுதி விம்பம் முடிவிலியில் என்று மனனம் செய்து புள்ளிகளும் பெற்றோம். ஆனால் எமது வகுப்பில் எவரும் ஒரு தொலைகாட்டியினூடாக ஒரு கோளையேனும் பார்த்ததில்லை. இந்த இடைவெளியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சாதாரண மக்கள் தம் வீட்டு முற்றத்திலிருந்து கோள்களைப் பார்த்து அறிவியலுக்குப் பங்களித்த வரலாற்றையும், அதிற் பெண்கள் எவ்வாறு இடம்பிடித்தார்கள் என்பதையும், எமது ஊர் அதில் எங்கே நிற்கிறது என்பதையும் இங்கு தொகுத்துத் தர முனைகிறோம்.

வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த கோள்

1610 ஜனவரி 7ஆம் நாள் கலிலியோ வியாழனின் அருகே சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அடுத்து வந்த இரவுகளிலும் பார்த்துக் குறித்ததில், அவை நான்கு எனவும், வியாழனைச் சுற்றி வருகின்றன எனவும் அறிந்தார். அவரது கருவி ஏறத்தாழ இருபது மடங்கு உருப்பெருக்கம் மட்டுமே கொண்டது. இன்று விளையாட்டுப் பொருட் கடைகளில் விற்கப்படும் சிறிய தொலைகாட்டிகள் பலவற்றின் வில்லைகள் அதைவிடத் தெளிவானவை. கண்டுபிடிப்பை உண்டாக்கியது கருவி மட்டுமன்று. இரவுக்கு இரவு விடாது பார்த்துக் குறித்து வைத்த பழக்கமும் சேர்ந்தே அதை உண்டாக்கியது.

இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹேர்ஷல் தொழிலால் இசைக் கலைஞர். ஜேர்மனியின் ஹனோவரில் இருந்து வந்தவர். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிக் கலந்த உலோகத்தில் ஆடிகளை வார்த்து, கையாலேயே தேய்த்து மெருகூட்டித் தொலைகாட்டிகள் செய்தார். 1781 மார்ச் 13ஆம் நாள் தம் வீட்டின் பின்தோட்டத்தில் வைத்திருந்த ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட ஆடி கொண்ட கருவியால் ஒரு புதிய பொருளைக் கண்டார். முதலில் வால்வெள்ளி என்றே நினைத்தார். அதுவே யுரேனஸ் கோள் எனப் பின்னர் தெளிவாயிற்று. வரலாற்றுக் காலத்தில் மனிதர் புதிதாகக் கண்ட முதற் கோள், ஓர் இசை ஆசிரியரின் தோட்டத்திலிருந்து காணப்பட்டது.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். வில்லியத்தின் தங்கை கரோலின். பத்து வயதளவில் தைபசுக் காய்ச்சலால் வருந்தியதால் அவரது வளர்ச்சி தடைப்பட்டு, உயரம் நான்கடி மூன்று அங்குலத்துடன் நின்றுவிட்டது. திருமணம் ஆகாது, வீட்டு வேலைக்கே உதவுவாள் என்று தாயார் தீர்மானித்திருந்தார். அண்ணன் அவரைப் பாத்துக்கு அழைத்துச் சென்றார். முதலில் பாடகியானார், பின்னர் அண்ணன் மணிக்கணக்கில் ஆடியிலிருந்து கையெடுக்காமல் மெருகூட்டும்போது உணவை ஊட்டிவிட்டார், இரவில் குளிரில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதினார். அதன்பின் தாமே வானத்தைத் தேடத் தொடங்கினார். 1786 முதல் 1797 வரை எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். 1787இல் ஆண்டுக்கு 50 பவுண் அரச வேதனம் பெற்றார். வானியற் பணிக்காகச் சம்பளம் பெற்ற முதற் பெண்ணாக அவரைக் கொள்வர். 1828இல் இலண்டனின் வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 97 வயது வரை வாழ்ந்தார். குழந்தைப் பருவத்து நோயொன்று ஒரு பெண்ணின் எதிர்காலத்தை முடித்துவிட்டதாக வீட்டார் தீர்ப்பளிப்பதை மருத்துவராகிய நாம் இன்றும் சந்திக்கிறோம். கரோலினின் வாழ்க்கை அத்தகைய தீர்ப்புக்கு நல்ல மறுப்பு.

திருகோணமலையில் ஒரு தொலைகாட்டி

இனி எமது ஊருக்கு வருவோம். பேர்சி பிறேபுறூக் மோல்ஸ்வேர்த் 1867 ஏப்ரல் 2ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். அவரது தந்தையார் கில்போர்ட் மோல்ஸ்வேர்த் இலங்கைப் புகையிரதப் பாதையை அமைத்த பொறியியலாளர்களுள் முக்கியமானவர். மகன் பிறந்த அதே ஆண்டிலேயே கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. மகன் இங்கிலாந்திற் கல்வி கற்று, வூல்விச் இராணுவக் கல்லூரியில் பயின்று, அரச பொறியியற் படையில் அதிகாரியாகி மேஜர் தரம் வரை உயர்ந்தார். கடமை அவரைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. இங்கே அவர் ஜோர்ஜ் கல்வர் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கைவினைஞர் செய்த பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியை நிறுவி, வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாகப் பார்த்து வரைந்தார்.

அவர் செய்த வேலையின் முறையைச் சொன்னால் எவருக்கும் விளங்கும். வியாழன் ஏறத்தாழ 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத் தானே ஒருமுறை சுற்றுகிறது. அதன் மேகப் பட்டிகளில் உள்ள கரும் புள்ளிகளும் வெண் புள்ளிகளும் கோளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்ந்து செல்வதை ஒரே இரவிற் காணலாம். ஒரு புள்ளி வட்டத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டால், அது வியாழனின் எந்த நெடுங்கோட்டில் உள்ளது என்று கணக்கிடலாம். ஒரு நிமிடம் தவறினால் வெறும் அரைப் பாகைக்குச் சற்று மேலான பிழைதான் வரும். நாடித் துடிப்பை எண்ணக் கைக்கடிகாரம் போதுமானது போல, இதற்குக் கண்ணும், கடிகாரமும், பென்சிலும், பொறுமையும் போதும். மோல்ஸ்வேர்த் இத்தகைய நேரக்குறிப்புகளை ஆயிரக்கணக்கில் எடுத்தார். வாரக்கணக்கான குறிப்புகளை வரிசைப்படுத்தும்போது எந்தப் புள்ளி விரைகிறது, எது பின்தங்குகிறது என்பது தெரியவரும். வியாழனின் காற்றோட்டங்களை மனிதர் முதலில் அளந்தது இவ்வாறுதான்.

1901 பெப்ரவரி இறுதியில் வியாழன் விடியற்கால வானில் தெரிந்தது. 28ஆம் நாள், கோளின் தென் அயன மண்டலம் எனப்படும் வெளிறிய பட்டையில் முன்பு இல்லாத கருமையான ஓரிடத்தை மோல்ஸ்வேர்த் கண்டார். அது பின்னர் நீண்டு விரிந்தது. தென் அயனக் கலக்கம் என்று வானியலாளர் அதற்குப் பெயரிட்டனர். வியாழனின் புகழ்பெற்ற பெருஞ் செம்புள்ளியை அது மீண்டும் மீண்டும் நெருங்கிக் கடந்து சென்றது. 1930களின் இறுதி வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது நிலைத்திருந்தது. எமது சங்கத்தின் முதற் கூட்டம் நடந்த நாளிலும், இவ்வூரிலிருந்து முதன்முதலாகக் காணப்பட்ட அந்தக் கலக்கம் வியாழனில் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது என்பதை எண்ணும்போது மனம் மகிழ்கிறது.

இக்கண்டுபிடிப்பு திருகோணமலைக்கு வாய்த்ததற்குத் தகுந்த காரணமும் உண்டு. அவ்வாண்டில் வியாழன் தனு இராசியில், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 23 பாகையில் இருந்தது. இலண்டனில் அது மிக உயர்ந்து நிற்கும் வேளையிலும் அடிவானிலிருந்து 15 பாகை அளவே எழும். புகையும் பனியும் கலங்கிய காற்றும் அதை மறைக்கும். எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் உள்ள எமது ஊரிலோ அதே வியாழன் 58 பாகை உயரத்துக்கு ஏறும். இலண்டனில் ஒளி கடந்துவர வேண்டிய காற்றின் தடிப்பு இங்குள்ளதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். ஐரோப்பாவிற் பெரிய கருவிகளுடன் இருந்தவர்கள் தளும்பும் நீரினூடாகப் பார்ப்பது போலப் பார்த்தபோது, மோல்ஸ்வேர்த் தெளிந்த வானிற் பார்த்தார். கோள் நோக்குவோருக்கு மத்திய கோட்டை அண்டிய நாடு ஒரு கொடை. அந்தக் கொடை இன்றும் எமது முற்றத்துக்கு மேலேயே இருக்கிறது.

மோல்ஸ்வேர்த் 1908ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று திருகோணமலையில் வயிற்றுளைவு நோயாற் காலமானார். வயது 41. அமீபா வகை வயிற்றுளைவுக்கு எமற்றீன் ஊசி 1912இல்தான் வழக்கத்துக்கு வந்தது. நுண்ணுயிர்க்கொல்லிகளும், உப்பும் வெல்லமும் கலந்த சீவனிக் கரைசலும் இன்னும் பல பத்தாண்டுகள் கழிந்தே வந்தன. இன்று எமது ஆதார வைத்தியசாலையொன்றில் சில நாட்களிற் குணமாகி வீடு செல்லக்கூடிய ஒரு நோய், அவ்வளவு கூரிய ஒரு கண்ணை மூடிவிட்டது. செவ்வாய்க் கோளில் ஒரு பெரும் பள்ளத்துக்கு மோல்ஸ்வேர்த் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவர் வாழ்ந்து மறைந்த ஊரின் பாடசாலைகளிற் படித்த நாம் அவர் பெயரைப் பாடநூல் எதிலும் கண்டதில்லை.

கதவைத் திறந்து வைத்த சங்கம்

மோல்ஸ்வேர்த் போன்றோரின் குறிப்புகளை ஒன்றுசேர்த்து வெளியிட்டது 1890இல் இலண்டனிற் தோன்றிய பிரித்தானிய வானியற் சங்கம். பட்டமோ பதவியோ இல்லாத ஆர்வலர்களுக்காக உருவான அச்சங்கம், தொடக்கத்திலிருந்தே பெண்களை உறுப்பினராக ஏற்றது. சூரியனைப் பற்றிய பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் பிரவுன் என்ற பெண்மணி. அவர் தம் வீட்டிலேயே சூரியப் புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வந்தவர்.

அதே காலத்தில் பெருமை மிக்க அரச வானியற் கழகம் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. 1892இல் எலிசபெத் பிரவுன், அலிஸ் எவரெட், அன்னி றசல் ஆகிய மூவரின் பெயர்கள் முன்மொழியப்பட்டபோது போதிய வாக்குகள் கிடைக்கவில்லை. அன்னி றசல் கேம்பிரிஜ் கேட்டன் கல்லூரியிற் கணிதம் படித்தவர். 1891இல் கிறீனிச் வானாய்வு நிலையத்தில் மாதம் நான்கு பவுண் சம்பளத்திற் கணிப்பாளராகச் சேர்ந்தவர். 1895இல் அங்கு பணிபுரிந்த வால்டர் மோண்டரை மணந்ததும், மணமான பெண்கள் பணியிலிருக்க முடியாது என்ற விதியால் வேலையை விட நேர்ந்தது. அதன்பின் அவர் சம்பளமில்லாமலே கிரகணப் படங்கள் எடுத்தார். பிரித்தானிய வானியற் சங்கத்தின் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1916இல் அரச வானியற் கழகம் பெண்களை ஏற்ற பின்னரே அவரும் அங்கத்தவரானார். முதல் விண்ணப்பத்துக்கும் அங்கீகாரத்துக்கும் இடையில் இருபத்துநான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கி நின்றது ஓர் ஆர்வலர் சங்கம். சங்கங்கள் எதற்காக என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை எமக்குத் தெரியவில்லை.

கண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியையும் இவர்கள் காலத்து ஆர்வலர்களே எழுப்பினர். 1877இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அவை வேற்றுலகத்தார் வெட்டிய கால்வாய்கள் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. 1903இல் வால்டர் மோண்டரும் எவன்ஸ் என்ற ஆசிரியரும் கிறீனிச்சில் உள்ள ஒரு பாடசாலையில் எளிய சோதனையொன்றை நடத்தினார்கள். கோடுகளே இல்லாத, புள்ளிகளும் நிழல்களும் மட்டுமே உள்ள ஒரு படத்தை முன்னே வைத்து, வகுப்பின் வெவ்வேறு தூரங்களில் அமர்ந்த மாணவர்களை வரையச் சொன்னார்கள். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருந்தவர்கள் இல்லாத கோடுகளை வரைந்தார்கள். பார்வையின் எல்லையில் மூளை புள்ளிகளை இணைத்துவிடுகிறது. ஊடுகதிர்ப் படத்திலும் நுணுக்குக்காட்டியிலும் எதிர்பார்ப்பதையே காணும் ஆபத்து மருத்துவத்திலும் உண்டு. அதனால்தான் இன்னொருவர் கண்ணும் இன்னொருவர் குறிப்பும் தேவைப்படுகின்றன.

ஆடி தேய்த்தவர்கள்

கருவிகளின் வரலாறு செல்வந்தரிடமிருந்து சாதாரண மனிதரிடம் வந்த வரலாறாகும். ஹேர்ஷலின் உலோக ஆடி விரைவில் மங்கிப்போகும். மீண்டும் மீண்டும் மெருகூட்ட வேண்டும். 1850களில் கண்ணாடியின் மீது மெல்லிய வெள்ளிப் படலம் பூசும் முறை வந்தது. பிரான்சின் பூக்கோ, ஆடியின் வடிவத்தை ஒரு சிறு ஒளியாலும் ஒரு கத்தி விளிம்பாலும் சோதிக்கும் எளிய வழியையும் கண்டார். அதன்பின் இரு கண்ணாடி வட்டுகளை இடையே அரத்தூள் இட்டு ஒன்றன்மேல் ஒன்று தேய்த்தால், மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது குவியும் என்ற இயல்பைக் கொண்டு எவரும் தம் வீட்டு மேசையிலேயே நல்ல குழிவாடி செய்ய முடிந்தது.

1920இல் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் என்ற சிறு தொழில் நகரில் றசல் போர்ட்டர் என்பவர் ஆடி செய்யும் வகுப்பொன்றைத் தொடங்கினார். வந்தவர்களிற் பெரும்பாலோர் இயந்திரத் தொழிலாளர். அவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார். அவ்வகுப்பிலிருந்து தொலைகாட்டி செய்யும் இயக்கமே வளர்ந்தது. 1933 ஆகஸ்டில் சனிக் கோளில் ஒரு பெரிய வெண்புள்ளியை இலண்டனில் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஆறங்குல முறிவுத் தொலைகாட்டியாற் கண்டவர் வில் ஹே. அவர் அக்காலத்து மக்கள் விரும்பிய நகைச்சுவை நடிகர்.

எமக்கு மிகவும் பிடித்த கதை ஜோன் டொப்சனுடையது. அவர் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடமொன்றில் துறவியாக இருந்தார். எமது கிழக்கு மாகாணத்திற் பல பாடசாலைகளை நடத்திய இராமகிருஷ்ண மிஷனின் மரபைச் சேர்ந்த மடம் அது. பிரபஞ்சத்தைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசுவதெப்படி என்று எண்ணி, கப்பல் யன்னற் கண்ணாடியையும், கடதாசிக் குழாயையும், பலகைத் துண்டுகளையும் கொண்டு தொலைகாட்டிகள் செய்தார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் நடைபாதையிற் தொலைகாட்டியை வைத்துப் போவோர் வருவோரை அழைத்துச் சந்திரனையும் சனியையும் காட்டினார். பலகைப் பெட்டியில் அமர்ந்து, கையால் தள்ளியே திருப்பக்கூடிய அவரது அமைப்பு இன்று உலகெங்கும் டொப்சோனியன் எனப்படுகிறது. விலையேறிய இரும்புத் தாங்கிகளும் மோட்டார்களும் இல்லாமலே பெரிய ஆடியைப் பயன்படுத்த அது வழிசெய்தது. ஓர் ஊர்த் தச்சாசாரியார் அதன் பெட்டியைச் செய்துவிடுவார்.

அடுத்த மாற்றம் கணினியுடன் வந்தது. காற்றின் தளும்பலால் கோளின் உரு நொடிக்கு நொடி கலங்கும்; இடையிடையே கண நேரம் தெளியும். பழைய நோக்கிகள் அக்கணத்துக்காகப் பார்வைத்துண்டில் கண்வைத்துக் காத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி, கணினியிற் பொருத்தும் மலிவான வெப்கேமராவால் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, தெளிந்தவற்றை மட்டும் மென்பொருளாற் தெரிந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வழி பரவியது. அதன் பயனாக 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் செபு நகரில் கிறிஸ்தோபர் கோ என்ற ஆர்வலர், வியாழனின் வெண்ணிற நீள்வட்டமொன்று சிவந்துவிட்டதைக் கண்டார். 2009 ஜூலை 19ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் மறம்பேற்மன் கிராமத்தில் அந்தனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர், ஏதோவொன்று வியாழன்மீது மோதி உண்டான கரிய வடுவைத் தம் வீட்டிலிருந்து கண்டு அறிவித்தார். அதன்பின்பே பெரிய தொலைகாட்டிகள் அத்திசைக்குத் திரும்பின. 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கமராவுக்கு எங்கே பார்ப்பது என்று திட்டமிட, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் படங்கள் உதவின.

இருட்டும் நாமும்

எமது பாடசாலைக் காலத்தில் இருட்டுக்குப் பஞ்சமில்லை. 1990களில் மின்சாரம் இல்லாத இரவுகளும், குப்பி விளக்கும், ஊரடங்குச் சட்டமும் எமக்குப் பழக்கமானவை. பால்வீதி முற்றத்தின் மேலே தெளிவாகத் தெரிந்த காலம் அது. ஆனால் முற்றத்தில் நின்று மேலே பார்ப்பதற்கு எவரும் எம்மை அழைக்கவில்லை. வானத்தில் ஓர் ஒளி நகர்ந்தால் உள்ளே ஓடவேண்டும் என்பதே எமக்குச் சொல்லித் தரப்பட்டது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்–லெவி என்ற வால்வெள்ளி துண்டு துண்டாக வியாழன்மீது விழுந்து, சிறிய தொலைகாட்டிகளிலும் தெரியும் கரிய வடுக்களை உண்டாக்கிய செய்தியை நாம் வானொலியிற் கேட்டோம். வியாழன் எது என்று காட்ட எவருமில்லை. அவ்வால்வெள்ளியைக் கண்டவர்களுள் ஒருவரான கரோலின் ஷூமேக்கர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின், 51ஆவது வயதில் வானியலுக்கு வந்தவர். மொத்தம் 32 வால்வெள்ளிகளைக் கண்டார். எமது சங்கத்தின் மூத்த சகோதரிகள் இதைக் கவனிப்பார்களாக.

பின்னர் காலம் மாறியது. 2004 ஜூனிலும் 2012 ஜூனிலும் வெள்ளி சூரியனைக் கடந்து சென்றது எமது நாட்டிலிருந்து தெரிந்தது, அடுத்தது 2117இல். 2019 டிசெம்பர் 26இல் வடக்கு கிழக்கின் பகுதிகளிற் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது பிள்ளைகள் வீதியில் நின்று பார்த்தார்கள். 2020 டிசெம்பர் 21இல் வியாழனும் சனியும் பாகையின் பத்திலொரு பங்கு அளவுக்கு நெருங்கி நின்றன. மொறட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பான் அரசு அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி 1996 முதல் இருக்கிறது. ஆனால் எமது மாகாணத்துப் பிள்ளைக்கு மொறட்டுவை தூரம். எமது நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றில் அன்பளிப்பாகக் கிடைத்த தொலைகாட்டிகள் ஆய்வுகூட அலுமாரியிற் பூட்டிக் கிடக்கின்றன. பொருள் பாதுகாப்பாக இருக்கிறது; வில்லையிற் பூஞ்சணம் மட்டும் வளர்கிறது.

எமது முற்றத்துக்கு எது போதும்?

பைனாக்குலர் ஒன்றைச் சுவரிற் சாய்த்து அசையாமற் பிடித்தால் வியாழனின் நான்கு சந்திரன்களும் தெரியும். 60 மில்லிமீற்றர் முறிவுத் தொலைகாட்டியிற் சனியின் வளையம் தெரியும். 150 மில்லிமீற்றர், அதாவது ஆறங்குல டொப்சோனியன் இருந்தால் வியாழனின் பட்டிகளும், நல்ல இரவிற் செம்புள்ளியும், சனி வளையத்தின் கரிய இடைவெளியும் தெரியும். பெட்டியின்மேல் 500 மடங்கு, 600 மடங்கு என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆடியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டாற் பெருக்கினால் வருவதே பயன்தரும் உருப்பெருக்கத்தின் எல்லை. தொலைகாட்டியை வெளியே வைத்து அரை மணி நேரமாவது காற்றுப்படவிட்டால் உரு தெளியும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் எமது ஊரின் பகை. சிலிக்கா ஜெல் பொதிகளுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது நன்று. மார்கழி மழைக்காலம் இதற்கு உதவாது. மாசி முதல் ஆவணி வரை எமது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

மருத்துவராக இரண்டு சொற்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். இடையில் கைத்தொலைபேசியைப் பார்த்தால் மீண்டும் முதலிலிருந்து. மற்றையது மிக முக்கியம். தகுந்த வடிகட்டி இல்லாமற் தொலைகாட்டியாலோ பைனாக்குலராலோ சூரியனை ஒரு கணமும் பார்க்கக்கூடாது. விழித்திரைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. எரிவது தெரியாமலே எரியும். பார்வையின் நடுப்பகுதி மீளாமலும் போகலாம். சூரியன் மறைந்த பின்னரே தொலைகாட்டியை வெளியே எடுப்பது என்ற விதி பாடசாலைக்கு உகந்தது.

ஒரு வேண்டுகோள்

நூற்றாண்டு நினைவாகச் சங்கம் கல்லூரிக்கு என்ன அளிக்கலாம் என்று பேசப்பட்டு வருகிறது. ஓர் ஆறங்குலத் தொலைகாட்டியும் அதனுடன் ஒரு பதிவேடும் அளிக்கலாம் என்பது எமது வேண்டுகோள். பதிவேடுதான் முதன்மையானது. நாள், நேரம், கருவி, உருப்பெருக்கம், காற்றின் தெளிவு, கண்டது என்ன, கண்டவர் பெயர் என ஏழு நிரல்கள் போதும். வைத்தியசாலை விடுதியில் எழுதப்படாதது செய்யப்படாதது என்பார்கள். மோல்ஸ்வேர்த்தின் பெயர் நின்றது அவர் எழுதியதால். கரோலின் ஹேர்ஷலின் பெயர் நின்றதும் அவர் எழுதியதால். எமது ஊரில் வானத்தைப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நாள் கோள் பார்த்து நாற்று நட்டவர்களும், விடிவெள்ளி பார்த்து அடுப்பு மூட்டியவர்களும் அவர்களே. அவர்கள் கண்டதை எழுத எவரும் ஏடு கொடுக்கவில்லை.

பெண்பிள்ளைகள் இரவில் எப்படி என்ற கேள்வி எழும். எழுவது நியாயமே, நாம் வளர்ந்த காலத்தை மறந்து இதைச் சொல்லவில்லை. கோள்கள் நள்ளிரவு வரை காத்திருக்கச் சொல்வதில்லை. வியாழனோ சனியோ மாலை வானில் உள்ள மாதங்களில் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை போதும். பெற்றோரும் ஆசிரியைகளும் பழைய மாணவிகளும் உடனிருக்க, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கல்லூரி மைதானத்திற் கூடலாம். பெற்றோரும் வரிசையில் நின்று பார்க்கட்டும். வெளிமாவட்டங்களிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகள் ஊர் வரும்போது ஒரு மாலையேனும் பொறுப்பேற்கலாம்.

2025 மார்ச்சில் சனியின் வளையம் எமக்கு விளிம்பு காட்டி மெலிந்து மறைந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வரும். மீண்டும் அது மெலிவது 2038ஐ ஒட்டி. இவ்வாண்டு முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை பாடசாலைக் கல்வியை முடித்து வெளியேறும் காலம் அது. அந்தப் பிள்ளை வளையம் விரிவதையும் ஒடுங்குவதையும் தன் கண்ணாற் கண்டு, தன் பெயரோடு எழுதி வைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பதே எமது ஆசை. கதிர் வரிப்படத்தையும் அவள் வரையட்டும். ஆனால் பார்த்தபின் வரையட்டும்.

வாழ்க எம் கல்லூரி அன்னை! வளர்க எமது சங்கம்!